சாகப் போற புழுவுக்கு எதுக்கு நிழல்?

எங்கள் வகுப்புப் பையன்கள் என்னை "புழு டாக்டர்" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். சார்லஸ் டார்வின் தன் வீட்டிலேயே மண் நிரப்பிய தொட்டிகளில் மண்புழு வளர்த்துப் பார்த்து, 1881-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட முடியாது. "நாளைக்கு தூண்டில்ல குத்தப் போற புழுவுக்கு இன்னிக்கு எதுக்கு நிழலு, சாணி எல்லாம்?"

எங்க வீட்டில் அப்பாவும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். (நான் போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.) முன்பெல்லாம் தம்பி சனிக்கிழமையே வாழைமரத்தடியில் புழு தோண்டி, பவுடர் டப்பாவில் அடைத்து, வெயில் படும் திண்ணையில் வைத்துவிடுவான். காலையில் திறந்தால் நாத்தம் குடலைப் பிடுங்கும். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தானே நாம்? வீட்டுக்கு வந்து தகர டப்பாவில் அடைக்கிறோம்!

இப்போ புழு என் பொறுப்பு. அடியில் ஓட்டை விழுந்த பழைய மண்பானையில், தோண்டின இடத்து மண்ணோடு மக்கிய இலையும் பழைய சாணியும் கலந்து வைத்திருக்கிறேன். புதுச்சாணி போடக் கூடாது, சூடு கிளம்பும். முதல் தடவை அது தெரியாமல் போட்டு ஒரு பானைப் புழுவும் செத்துப் போச்சு. அன்னிக்கு தம்பி சிரிச்ச சிரிப்பு இன்னும் மறக்கலை. மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணி சொட்டக் கூடாது. மேலே ஈரச்சாக்கு. காய்கறித் தோல், டீத்தூள் சக்கை கொஞ்சம் போடுவேன். உப்பு, மிளகாய் பட்டது கூடவே கூடாது. செத்த புழு கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிடணும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து அதன் மேல் பானையை வைத்தால் எறும்பு ஏறாது. கோழிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

இனி பதில். தூண்டிலில் சாவது வேறு, டப்பாவில் வெந்து சாவது வேறு. முதலாவதால் எங்க வீட்டில் குழம்பு கொதிக்கும். இரண்டாவதால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நெளியுற புழுவுக்குத்தான் கெண்டை சீக்கிரம் வரும் என்று அப்பாவே சொல்வார். 20 புழு போதும் என்றால் 20 தான் எடுக்கணும். மிச்சத்தைக் கரையில் காய விடாமல் வீட்டுக்குக் கொண்டு வரணும். எங்க பானையில் இப்போ அது நடக்கிறது.

நான் ஏழாவது படிக்கிற வரைக்கும் ஏரிக்குப் போனவள்தான். அப்புறம் அம்மா, "பெரிய பொண்ணாயிட்ட, ஏரிக்கரையில உனக்கு என்ன வேலை" என்று நிறுத்திவிட்டார்கள். புழுவுக்குத் தண்ணி தெளிக்கலாம், தூண்டில் போடக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? போன வாரம் அப்பாவிடம் கேட்டேவிட்டேன், பானையைப் பாத்துக்கிறவளுக்கும் ஒரு தூண்டில் வேணும் என்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் புதுசா ஒரு மூங்கில் குச்சி வெட்டி வந்து கூரையில் காயப் போட்டிருக்கிறார். யாருக்கு என்று இன்னும் சொல்லவில்லை.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி