பார்ப்பவர் எங்கே உட்கார வேண்டும்?
பெங்களூர்த் தமிழ் நாடகக்காரர்களின் கொள்கைப் பிரகடனம்

பெங்களூரில் தமிழ் நாடகம் போடுகிறவர்கள் நாங்கள். அலசூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம், ஒயிட்ஃபீல்டு என்று ஊரின் பல மூலைகளிலிருந்து வருகிறோம். பகலில் பிழைப்பு, மாலையில் ஒத்திகை. நாடகம் போடுவது என்று முடிவானதும் இங்கே வழக்கமாக எழும் முதல் கேள்வி, 'எந்த ஹால் காலியாக இருக்கிறது?' என்பதுதான். அந்த வழக்கத்தை இன்றோடு நிறுத்துகிறோம். இனி எங்கள் முதல் கேள்வி: இந்த நாடகத்தைப் பார்ப்பவர் எங்கே உட்கார வேண்டும்? ஹால் பேச்சு அதற்குப் பிறகு.

ஹாலை முதலில் பிடித்துவிட்டு நாடகத்தை அதற்குள் திணித்தால் என்ன ஆகும் என்பதை நம் மேடையிலேயே பார்க்கலாம். முன்னால் திரை, மூன்று பக்கம் அடைப்பு, மேலிருந்து தொங்கும் மைக்குகள். வசனம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று நடிகர்கள் மைக்குக்கு நேர்கீழே வந்து நிற்கிறார்கள். அப்பாவும் மகளும் சண்டை போடும் காட்சியில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை; தோளோடு தோள் நின்று, சபையைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள். நடுவில் சோபா, ஓரத்தில் டெலிபோன், இடது பக்கம் வாசல். எழுதுகிறவரும் இதை மனத்தில் வைத்தே எழுதுவதால் எல்லாக் கதையும் ஏதோ ஒரு வீட்டின் வரவேற்பறையில் வந்து முடங்குகிறது.

முன்னால் திரை கட்டிய இந்தப் படச்சட்ட மேடை எங்களுக்குப் பகை அல்ல. 1891-இல் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்து வியந்த பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். இன்றைய கர்நாடகத்தின் ஓர் ஊர், தமிழ் நாடகத்துக்குச் செய்த உபகாரம் அது. இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்புக் கூத்தை வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற நாடகங்களால் கூத்துக்குப் படித்தவர்களிடையே மரியாதை கிடைத்தது. சுற்றிலும் உட்கார்ந்திருந்த ஊர் எதிரே போய் உட்கார்ந்தது. லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. அந்த மேடை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது ஒன்றுதான் மேடை என்ற நினைப்போடுதான் எங்கள் சண்டை.

தமிழனுக்கு இடத்தைப் பற்றி யோசிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, 24 பெருவிரல் நீளமுள்ள கோலால் அளந்து, 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அரங்குக்குக் கணக்குச் சொல்கிறது. எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது விளக்கைப் பற்றிய குறிப்பு: தூண்களின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாமல் அப்பால் போகும்படி விளக்கை வைக்க வேண்டும். பார்க்கிறவரின் கண்ணிலிருந்து யோசித்த ஒருவரால்தான் இதை எழுத முடியும்.

தெருக்கூத்து இன்னும் துணிச்சலானது. மூன்று பக்கமும் ஜனம். பின்னால் பெஞ்சில் மேளமும் முகவீணையும். இரண்டு பேர் பிடிக்கும் ஒரு துணிதான் திரை. அர்ச்சுனன் தபசு அன்று கூத்து களத்தை விட்டுக் கிளம்பி உயர்ந்த தபசு மரத்தில் ஏறுகிறது. படுகளத்தன்று தரையில் மண்ணால் கிடத்திய துரியோதனனைச் சுற்றி நடக்கிறது. கதை போகிற இடத்துக்கு ஊரும் எழுந்து போகிறது.

அந்தப் பாரதக் கூத்தின் திரௌபதிதான் பெங்களூரின் பழைய பேட்டையில் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் கரகமாக வருகிறாள். திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து மல்லிகைக் கரகம் புறப்படும். வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். காட்டன்பேட்டை மஸ்தான் சாகிப் தர்காவில் நின்றுவிட்டுத்தான் மேலே போகும். இது வழிபாடு; நாடகம் என்று உரிமை கொண்டாட எங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் ஒரு நகரமே அரங்காக முடியும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

இந்த ஊரின் கன்னட நாடகக்காரர்கள் எங்களுக்கு முன்னே நடந்தவர்கள். தாகூர் நூற்றாண்டின் நினைவாக எழுந்த ரவீந்திர கலாக்ஷேத்திரம் 1963-இல் திறக்கப்பட்டது. அதன் பின்புறத் திறந்தவெளியில்தான் பி.வி. காரந்த் 1972-இல் லங்கேஷின் 'சங்கிராந்தி'யையும் கம்பாரின் 'ஜோகுமாரசுவாமி'யையும் மேடையேற்றினார். கட்டடத்தின் முதுகுப்புறம் ஒரு புதிய நாடகமுறைக்கு வாசலானது. ஜே.பி. நகரில் நடிகர் சங்கர் நாகின் நினைவாக அருந்ததி நாக் 2004-இல் எழுப்பிய ரங்க சங்கராவில் மேடை பார்வையாளர்களுக்குள் நீண்டு வருகிறது. திரஸ்ட் ஸ்டேஜ் என்பார்கள். அங்கே நடிகர் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். நேரம் கடந்து வருகிறவருக்குக் கதவு திறப்பதில்லை. அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

நாலு பக்கமும் ஆள் உட்காரும் வட்டரங்கு எங்கள் பயிற்சிக் களமாக இருக்கும். எந்த நொடியிலும் யாரோ ஒருவருக்கு நடிகரின் முதுகுதான் தெரியும் என்பதால் முதுகும் நடித்தாக வேண்டும். பேசும் இருவர் ஒட்டி நிற்காமல் மூலைக்கு மூலை நின்றால் எல்லாருக்கும் ஏதோ ஒரு முகம் கிடைக்கும். பீரோ, கதவு என்று உயரமாக எதை வைத்தாலும் ஒரு பக்கத்தாருக்கு மறைத்துவிடும். ஸ்டூலும் பாயும் போதும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் எதிர்வரிசைக்குக் கண் கூசும். மேலிருந்து செங்குத்தாக இறக்க வேண்டும். மைக் கிடையாது. கத்தித் தொண்டையைக் கெடுக்காமல் குரலை நாலு திசைக்கும் அனுப்பப் பழகுவோம்.

சில கதைகளுக்கு அவை நடந்த இடமே அரங்கு. சேஷாத்திரி சாலையில் இன்று ஃப்ரீடம் பார்க் இருக்கும் இடம் முன்பு மத்தியச் சிறை. மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சினேகலதா ரெட்டி, நெருக்கடி நிலையின்போது 1976-இல் கைதாகி அங்கே அடைக்கப்பட்டார். ஆஸ்துமாவால் அவதிப்பட்டார். வெளியே வந்த சில நாள்களில், 1977 ஜனவரி 20 அன்று இறந்துபோனார். அவரைப் பற்றிய நாடகத்தை வாடகை ஹாலில் தெர்மோகோல் கம்பிகளுக்குப் பின்னால் போடமாட்டோம். அந்த மண்ணில் நின்று போட அனுமதி கேட்போம். மறுத்தால் மறுபடியும் கேட்போம்.

எங்கள் முதல் நாடகம் காவிரி நீர்த் தகராறைப் பற்றியது. 1991 டிசம்பரில் இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியதும், 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததும் இங்கே இருக்கும் யாருக்கும் வெறும் செய்தி அல்ல. இதைப் படச்சட்ட மேடையில் போட்டால் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்து, தங்கள் நியாயத்துக்குத் தாங்களே கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நடுவில் நீளமாக ஒரு பாதை. இருபுறமும் நேருக்கு நேராக மக்கள். நாடகம் அந்தப் பாதையில் ஓடும். நடிகருக்கு அப்பால் எதிர்க்கரையில் இருப்பவரின் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். நாம் சிரிக்கும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை என்பதும், நமக்குக் கோபம் வருமிடத்தில் அவர் தலைகுனிவதும் தெரியும். யார் எந்தக் கரையில் உட்காருவது என்பதை வருகிறவர்களே முடிவு செய்யட்டும். தமிழ்ப் பாத்திரம் தமிழில் பேசும், கன்னடப் பாத்திரம் கன்னடத்தில் பேசும். மொழிபெயர்ப்புத் திரை வைக்கமாட்டோம். இந்த ஊரில் காய்கறி வாங்குகிற யாருக்கும் இரண்டும் ஓரளவு புரியும்.

ஆயிரம் பேருக்கு ஒரு முறை போடுவதைவிட எண்பது பேருக்குப் பன்னிரண்டு முறை போடுவோம். பொன்னாடை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. டிக்கெட் உண்டு, பாஸ் கிடையாது.

எழுதுகிறவர்களுக்கு: பிரதியோடு ஒரு தாளில், பார்ப்பவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். அந்தத் தாள் இல்லாத பிரதியை வாசிக்கமாட்டோம். காவிரி நாடகத்துக்கு ஆறு கன்னட நடிகர்கள் வேண்டும். வயது ஒரு பொருட்டல்ல. இடம் வேண்டும்: அறுபது அடி நீளமும் இருபத்தைந்து அடி அகலமும் போதும். குடோன், பள்ளிக்கூட வராந்தா, கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடம், எதுவானாலும் சரி. வெள்ளை அடித்து, பெருக்கி, நாற்காலி போடுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாவி மட்டும் கொடுங்கள்.