முதலில் நுரைக் கணக்கு, பிறகு ரத்தம்

வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். கலந்தவரைத் தேடக் கிளம்பிய காவல்துறை, அந்தத் தண்ணீரைக் குடித்த தலித் மக்களிடமே டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கேட்டது. 2025 ஜனவரி குற்றப்பத்திரிகையில் வந்த மூன்று பேரும் அதே குடியிருப்புக்காரர்கள். தேடலை யார் வாசலில் தொடங்குகிறார்கள் என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. நெய்வேலியில் இருந்துகொண்டு இதை நினைக்க எங்களுக்குக் காரணம் இருக்கிறது.

இங்கே ஒரு விமான ஓடுபாதை உண்டு. 2017-இல் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே நெய்வேலியின் பெயர் வந்தது. அன்றிலிருந்து விமானம் வருகிறது, வருகிறது என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரட்டும். ஆனால் விமானத்தோடு தீயணைப்பு நுரையும் வரும். எரிபொருள் தீயை அணைக்க உலகெங்கும் விமான நிலையங்கள் பல பத்தாண்டுகள் பீய்ச்சிய நுரையில் பிஃபாஸ் என்கிற ஃபுளூரின் வேதிப்பொருள்கள் இருந்தன. மண்ணில் மக்காது, தண்ணீரைக் காய்ச்சினாலும் போகாது. சுவீடனின் ரோனேபியில் விமானப்படைத் தளத்து நுரை குடிநீரில் இறங்கியிருப்பது 2013-இல் தெரியவந்தது. ரத்தத்தில் அது ஏறியதே உடற்காயம்தான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 2023 டிசம்பர் ஆயிற்று. நம் ஐஎஸ் 10500 குடிநீர்த் தரத்தின் 2012 பதிப்பில் பிஃபாஸுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

எங்கே தேடுவது? தீயணைப்புப் பயிற்சித் திடல், நுரை வண்டி கழுவும் இடம், ஹேங்கர், இங்கிருந்தெல்லாம் வெளியேறும் மழைநீர்க் கால்வாய். குப்பைமேடும் குரோம் முலாம் பட்டறையும்கூட பிஃபாஸைக் கசியவிடும். "எங்களுடையது இல்லை" என்று கைகழுவ நிர்வாகங்களுக்கு அது போதும். ஆனால் நுரைக்குக் கைரேகை உண்டு. பழைய நுரையில் பிஎஃப்ஓஎஸ் மிகுதி, பின்னால் வந்ததில் ஃபுளூரோடெலோமர் வகைகள். விகிதத்தைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்.

நெய்வேலியில் இன்னொரு சிக்கல். பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றின் அழுத்தத்தைக் குறைக்கச் சுரங்கத்தில் இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கிறார்கள். இப்படி இறைக்கும் இடத்தில் நிலத்தடி நீர் போகும் திசையே மாறும். மேடு பள்ளம் பார்த்து எந்தக் கிணறு பாதிக்கப்படும் என்று சொல்லிவிட முடியாது. கிணறு கிணறாகத்தான் போக வேண்டும். 2023-இல் வடக்குவெள்ளூர் தொல்காப்பியர் நகர் நீரில் பாதரசம் இருப்பதைப் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சொன்னது அப்படி ஊருக்குள் போனதால்தான்.

எந்த மூலையில் நுரை கொட்டியது என்பது, அதைத் துடைப்பத்தால் கால்வாய்க்குத் தள்ளிவிட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தெரியும். அவர் எந்தத் தெருவிலிருந்து வேலைக்கு வருகிறார் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரை யாரும் சாட்சியாகக் கூப்பிடுவதில்லை. (சமூகவியலில் முதுகலை முடித்த எங்களுக்கே இது உறைக்க நாளாயிற்று.)

நெய்வேலித் தண்ணீரில் பிஃபாஸ் கலந்துவிட்டது என்று நாங்கள் குற்றம் சாட்டவில்லை. விமானச் சேவை தொடங்கும் முன்பே, சேரிக் கிணறுகள் உட்பட, சுற்றியுள்ள நீரை அளந்து வை என்கிறோம். வாங்கிய நுரை எந்த வகை, எத்தனை லிட்டர், எங்கே பீய்ச்சியது என்ற பதிவேட்டைக் காட்டு என்கிறோம். தோழர்களே, தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய்தான். தண்ணீர் எடுக்கப் போகும்போது டெஃப்லான் பூசிய மூடி மட்டும் வேண்டாம். அதுவே பிஃபாஸ்.