விளம்பரத் தொல்லைக்கு பார்மட் தான் மருந்தா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கு முதல் சில மாதங்களிலேயே வரும் சங்கடம் ஒன்று உண்டு. திரையின் வலது கீழ் மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கும். "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்", "உங்களுக்குப் பரிசு காத்திருக்கிறது" என்று ஒன்றை மூடினால் இன்னொன்று வரும். பிரவுசரைத் திறந்தால் நீங்கள் கேட்காத தேடல் பக்கம் ஒன்று வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் "வைரஸ் ஏறிவிட்டது" என்பார். சர்வீஸ் கடையில் கேட்டால் "கொண்டு வாருங்கள், பார்மட் செய்துவிடலாம்" என்பார்கள்.

இந்த பார்மட் வைத்தியத்தைத்தான் இங்கே எதிர்க்க விரும்புகிறேன். பெரும்பாலான விளம்பரத் தொல்லைகளுக்கு அது தேவையில்லாத வைத்தியம். பல நேரங்களில் பலன் இல்லாத வைத்தியமும் கூட.

மலை இறங்கும் முன்...

கொல்லிமலையில் வசிக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாழவந்தி நாடு, குண்டூர் நாடு போன்ற ஊராட்சிகளின் சிற்றூர்களிலிருந்து கம்ப்யூட்டரை நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ எடுத்துச் செல்வதென்றால் ஒரு நாள் வேலை போய்விடும். பஸ் கட்டணம், சர்வீஸ் கட்டணம் தனி. சரியாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு முறை இறங்க வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு டிஸ்க்கில் இருப்பது. மகளின் சாதிச் சான்றிதழ் ஸ்கேன், உதவித்தொகை விண்ணப்பத்தின் நகல், மிளகும் காப்பியும் விற்ற கணக்கு, குடும்ப போட்டோக்கள் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் பெரும்பாலும் பேக்கப் இருக்காது. டிஸ்க் முழுவதையும் பார்மட் செய்தால் விளம்பரத்தோடு இவையும் போய்விடும். களை முளைத்தது என்பதற்காக யாராவது தோட்டத்தையே கொளுத்துவார்களா?

பார்மட் செய்த பிறகும் அதே தளத்துக்குப் போய் அதே பட்டனை அழுத்தினால் அதே விளம்பரம் திரும்ப வரும். இன்னொரு விஷயமும் உண்டு. குரோம் பிரவுசரில் கூகுள் அக்கவுண்ட் மூலம் சிங்க் வசதியைப் பயன்படுத்தி வந்தால், பார்மட்டுக்குப் பின் மீண்டும் அதை இயக்கும்போது பழைய எக்ஸ்டென்ஷன்களும் தாமாகவே வந்து அமர்ந்துகொள்ளும். அவற்றில் விளம்பரம் காட்டும் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதுவும் வரும். காரணத்தைக் கண்டுபிடிக்காத வைத்தியம் இப்படித்தான் முடியும்.

எங்கிருந்து வருகிறது?

பாப் அப் விளம்பரம் புதிய நோய் அல்ல. 1990களின் இறுதியில் டிரைபாட் என்ற தளத்தில் பணியாற்றிய ஈத்தன் ஜுக்கர்மன், விளம்பரத்துக்காகத் தனி விண்டோ திறக்கும் கோடை எழுதினார். அதற்காக 2014ல் பகிரங்கமாக வருத்தமும் தெரிவித்தார். 2004ல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 மூலம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும், அதே ஆண்டு வெளியான பயர்பாக்ஸ் 1.0 தொகுப்பிலும் பாப் அப் தடுப்பு வசதி இருந்தது. பழைய வழி அடைபட்டதும் விளம்பரக்காரர்கள் வேறு வழி தேடினார்கள். இன்று அவை மூன்று வழிகளில் வருகின்றன.

முதல் வழி நோட்டிபிகேஷன். 2015ல் குரோம் பிரவுசரில் வந்த வசதி இது. ஒரு தளத்துக்கு நீங்கள் அனுமதி கொடுத்துவிட்டால், அந்தத் தளம் மூடியிருந்தாலும் அது செய்தி அனுப்பலாம். நல்ல வசதிதான். ஆனால் சில தளங்கள் "நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அலவ் பட்டனை அழுத்துங்கள்" என்று ஏமாற்றி அனுமதி வாங்கிவிடுகின்றன. மூலையில் வரும் கட்டங்களில் பல இந்த வகைதான். இது வைரஸ் அல்ல. நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதி.

இரண்டாவது எக்ஸ்டென்ஷன். பிரவுசரில் ஒட்டிக்கொண்டு ஹோம் பேஜையும் தேடல் தளத்தையும் மாற்றிவிடும்.

மூன்றாவது ஆட்வேர் புரோகிராம். இலவச புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது அதன் முதுகில் ஏறி உள்ளே வரும். இப்படி ஒவ்வொரு கம்ப்யூட்டரில் ஏறும்போதும் யாருக்கோ கமிஷன் கிடைக்கிறது. இலவசத்தின் விலை இதுதான்.

இந்தியா முதலிடம் பிடித்த பட்டியல்

இந்த மூன்றாவது வகையின் வீச்சை அறிய பயர்பால் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஜூன் மாதம் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைப் பற்றி அறிவித்தது. பீஜிங்கில் இருந்த ராபோடெக் என்ற விளம்பர நிறுவனத்தின் தயாரிப்பு இது. டீல் வைபை, மஸ்டாங் பிரவுசர் போன்ற இலவச புரோகிராம்களுடன் சேர்ந்து வந்தது. ஹோம் பேஜையும் தேடல் தளத்தையும் போலியான ஒன்றாக மாற்றியது. உலகில் 25 கோடி கம்ப்யூட்டர்களில் இது ஏறியிருந்ததாகவும், அதில் சுமார் 2 கோடியே 53 லட்சம் இந்தியாவில் இருந்ததாகவும் செக் பாயின்ட் மதிப்பிட்டது. நாடுகளின் பட்டியலில் நமக்குத்தான் முதலிடம். எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாப்ட் மறுத்தது. ஆனால் இந்த ஆட்வேர் இருந்ததை அது மறுக்கவில்லை.

பயர்பால் விளம்பரத்தோடு நிற்கும் வகையும் அல்ல. வேறு எந்தப் புரோகிராமையும் இறக்கி இயக்கும் வழி அதில் இருந்தது. அதனால்தான் ஆட்வேரை "வெறும் விளம்பரம்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

நீங்களே அகற்றலாம்

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். நேரம் அதிகம் ஆகாது.

1. குரோமில் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் பிளாக் செய்யுங்கள். அதே பக்கத்தில் எந்தத் தளமும் நோட்டிபிகேஷன் அனுப்ப வேண்டாம் என்ற தேர்வும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். எட்ஜ், பயர்பாக்ஸ் பிரவுசர்களிலும் செட்டிங்ஸ் பிரிவில் இதே போன்ற பட்டியல் உண்டு. பலருக்குத் தொல்லை இந்தப் படியிலேயே நின்றுவிடும்.

2. அதே மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பிரிவைத் திறந்து, நீங்கள் போடாதவற்றை ரிமூவ் செய்யுங்கள். ஹோம் பேஜும் தேடல் தளமும் மாறியிருந்தால் செட்டிங்ஸ் சென்று சரி செய்யுங்கள்.

3. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் சென்று, தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்து சேர்ந்த புரோகிராம் எது என்று தெரிந்துவிடும். அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பெயர் புரியாத எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டாம். டிரைவர்களும் அங்கேதான் இருக்கும்.

4. விண்டோஸுடன் வரும் விண்டோஸ் செக்யூரிட்டியில் புல் ஸ்கேன் செய்யுங்கள். அதில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பிரிவில், வேண்டாத புரோகிராம்களைத் தடுக்கும் வசதி ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

5. அதன் பிறகும் மிச்சம் இருந்தால் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே டவுன்லோட் செய்யுங்கள். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் இலவச கிளீனர்களைத் தந்து வருகிறது.

புதிய லேப்டாப்பில் வரும் எல்லா அறிவிப்பும் ஆட்வேர் அல்ல. கம்பெனியே போட்டு அனுப்பிய சோதனைக்கால ஆன்டிவைரஸ், காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லி நச்சரிக்கும். பணம் கட்ட விருப்பம் இல்லை என்றால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ் வேலையை எடுத்துக்கொள்ளும்.

பயமுறுத்தும் போன் எண்

இதில் பணம் பறிபோகும் இடம் ஒன்று உண்டு. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அலாரம் ஒலியுடன், "கம்ப்யூட்டர் லாக் செய்யப்பட்டுவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று ஒரு பக்கம் வரும். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் ஒருபோதும் போன் எண் தருவதில்லை. எண் இருந்தாலே அது போலி. போன் செய்தால், கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொல்லி, பேங்க் கணக்கு வரை கை வைப்பார்கள்.

எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கனவே பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

எப்போது பார்மட் சரி?

பார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன ஐந்தும் செய்தும் தீரவில்லை, யாரோ தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கியிருக்கிறார்கள் அல்லது பாஸ்வேர்ட் திருடு போயிருக்கிறது என்றால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே பாதுகாப்பு. அதற்கு முன் பைல்களைப் பென் டிரைவில் காப்பி எடுங்கள். பைல்களை வைத்துக்கொண்டு புரோகிராம்களை மட்டும் நீக்கும் ரீசெட் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது என்பதையும் சர்வீஸ் செய்பவரிடம் சொல்லுங்கள். "என் பைல்கள் பத்திரமா?" என்று கேட்காமல் கம்ப்யூட்டரைக் கையில் கொடுக்காதீர்கள்.

யார் சொல்லித்தர வேண்டும்?

இந்த மூன்று வழிகளையும் விளக்கப் பத்து நிமிடம் போதும். கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர், பில்லோடு சேர்த்து அந்தப் பத்து நிமிடத்தையும் தர வேண்டும். தமிழக அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கான லேப்டாப்களை வழங்கியது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. அவை பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டராக இருக்கும். பெட்டிக்குள் தமிழில் ஒரே ஒரு பக்கம், "எதற்கு அலவ் கொடுக்கக் கூடாது, கொடுத்ததை எப்படித் திரும்பப் பெறுவது" என்று அச்சிட்டு வைத்தால் எத்தனையோ பேர் பைல்களை இழக்காமல் தப்பிப்பார்கள். அரசுக்கு இது பெரிய செலவு அல்ல.

அதுவரை நாம் கடைப்பிடிக்க வேண்டியது எளிது. புதுப்படம் இலவசம் என்னும் தளங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் டவுன்லோட் பட்டன்கள் பலவும் விளம்பரங்களே. அந்தப் பக்கம் போகாதீர்கள். தமிழில் டைப் செய்ய யாரோ தரும் புரோகிராமைத் தேடி அலையாதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் போனடிக் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. எதை இன்ஸ்டால் செய்தாலும் கஸ்டம் என்ற தேர்வு இருந்தால் அதை எடுத்து, ஏற்கனவே டிக் போட்டு வைத்திருக்கும் கூடுதல் புரோகிராம்களின் டிக்கை நீக்குங்கள். "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று வேகமாக அழுத்தும் பழக்கத்தைத்தான் ஆட்வேர்காரர்கள் நம்பியிருக்கிறார்கள்.