பானை ஓட்டில் பெயர், நோட்டில் லேபிள்



விடுமுறையில் குடும்பத்தோடு கீழடி அகழாய்வு அருங்காட்சியகம் போனோம். 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டடம். பெரியவர்கள் உறைகிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் காட்டுப்பன்றி உருவம் செதுக்கிய சூதுபவளத்தை விட்டு நகரவில்லை. பானை ஓட்டில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருந்ததைக் காட்டியதும், “நம்ம டிபன் பாக்ஸ்ல பேர் போடுற மாதிரியாம்மா?” என்றாள் சின்னவள். அதேதான்!

ஜூன் பிறந்து பள்ளி திறந்தால் நோட்டு லேபிள், ஜாமெட்ரி பாக்ஸ், புத்தகப்பை எல்லாவற்றிலும் வெளிநாட்டுக் கார்ட்டூன்தான். (கார்ட்டூன் மேல் எனக்குக் கோபமில்லை.) அதோடு அந்தக் கீழடிப் பன்றியும் பானை ஓட்டுக் குறியீடுகளும் அச்சிட்ட லேபிள்கள் வரலாமே. தமிழி எழுத்துகளில் ரப்பர் ஸ்டாம்ப் கிடைத்தால் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே குத்திக்கொள்வார்கள். விலை மட்டும் இருபது ரூபாயைத் தாண்டாமல் இருக்கட்டும்.

- ஒரு வாசகி, மானாமதுரை