பைக்கில் கிராஷ் கார்டு போடலாமா? போலீஸ் பிடிக்குமா?

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஆரல்வாய்மொழி கணவாயிலோ பைக்கையே ஒதுக்கித் தள்ளும் காற்று. சறுக்கி விழுந்தால் முதலில் மாட்டுவது கால்தான். அதனால் கிராஷ் கார்டு போடலாம் என்றால், ‘அதுக்குத் தடையாமே?’ என்று ஒரு சந்தேகம்.

குழப்பம் எங்கே வந்தது?

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நடவடிக்கை எடுக்கச் சொன்னது முக்கியமாக கார், ஜீப் முன்னால் மாட்டும் ‘புல் பார்’ மீது. பாதசாரிகளுக்கு அது ஆபத்து. ஆனால் பைக்கின் வடிவமைப்பை இஷ்டத்துக்கு மாற்றினாலும் சிக்கல்தான். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவுப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைகூட உண்டு. அதனால் உங்கள் மாடலுக்கு கம்பெனியே தரும் கார்டை பில்லோடு வாங்குங்க.

எதைக் காப்பாற்றும்?

மெதுவாகப் போகும்போது பைக் சாய்ந்தால் எடையை கார்டு தாங்கும். கால் நசுங்காமல் இடைவெளி கிடைக்கும். பஸ்ஸோடு நேருக்கு நேர் மோதினால் உதவாது.

மாட்டும்போது கவனிங்க

* கம்பெனி கொடுத்த போல்ட் இடத்தில்தான் மாட்டணும். சேஸிஸில் வெல்டிங் வேண்டாம்.
* ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. வீல், மட்கார்டு இடிக்கக் கூடாது.
* ஹேண்டிலைவிட அகலமா இருந்தா, மார்த்தாண்டம் நெரிசலில் அடுத்தவர் காலில் மாட்டும்.
* விழுந்து வளைஞ்ச கார்டை நிமிர்த்தாதீங்க, மாத்திடுங்க.
* கார்டு மேல காலை நீட்டி ஓட்டாதீங்க. அவசரத்துக்கு பிரேக் மிதிக்க முடியாது.

கார்டு போட்டாச்சுன்னு ஹெல்மெட்டை டேங்க் மேல வைக்காதீங்க. அதுக்கு அபராதம் 1,000 ரூபாய்.