ஜெட் இன்ஜினும் காற்றாலையும் மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவாங்க? இரண்டு இன்ஜினியர்களின் கதை

2023ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் அடுத்தடுத்து இரண்டு அதிர்ச்சிகள். காற்றாலை தயாரிக்கும் சீமென்ஸ் கமேசாவின் புதிய மாடல்களில் இறக்கைகளில் சுருக்கம், பேரிங்குகளில் துகள்கள் எனக் குறைகள் தெரியவந்தன. தாய் நிறுவனமான சீமென்ஸ் எனர்ஜியின் பங்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அடுத்து, பிராட் அண்ட் விட்னி ஜெட் இன்ஜின் பாகங்களுக்கான உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது அம்பலமானது. இதனால் நம்மூர் இண்டிகோவில் மட்டும் 70க்கும் அதிகமான விமானங்கள் தரையில் நின்றன.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டுமே வருடக்கணக்கில் சுழல வேண்டிய இயந்திரங்கள். தயாரிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னக் குறை, பல வருடம் ஓடிய பிறகுதான் பூதமாகக் கிளம்பும். அப்போது சரிசெய்யும் செலவு பல ஆயிரம் கோடி. அதனால்தான் இந்தத் துறைகளில் அனுபவத்துக்கு அவ்வளவு மதிப்பு.

63 வயதில் வந்த அழைப்பு

பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் 1971 பிப்ரவரியில் திவாலானது. காரணம், ஆர்பி211 ஜெட் இன்ஜினுக்கு எகிறிய செலவு. கார்பன் இழையில் செய்த அதன் விசிறி இறக்கைகள், பறவை மோதல் சோதனையில் நொறுங்கின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

அந்த இன்ஜினை மீட்க அழைக்கப்பட்டவர், ஓய்வுபெற்றிருந்த ஸ்டான்லி ஹூக்கர். அடிப்படையில் கணிதம் படித்தவர். 1938லேயே ரோல்ஸ் ராய்ஸில் சேர்ந்தவர். அவர் தனியாக வரலை. ஓய்வுபெற்ற பழைய சகாக்களையும் கூட்டிவந்தார். 1972 ஏப்ரலில் அந்த இன்ஜினோடு டிரைஸ்டார் விமானம் பயணிகள் சேவைக்கு வந்தது. இன்றைய டிரென்ட் இன்ஜின்கள் அதன் வாரிசுகள்தான்.

பண்ணையில் தொடங்கிய பயணம்

டென்மார்க்கின் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் 1970களில் பெற்றோரின் பண்ணையில் காற்றாலை செய்து பார்த்த இளைஞர். ஒரு கொல்லருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய வடிவமைப்பை 1979இல் வெஸ்டாஸ் வாங்கியது. பின்னர் போனஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1991இல் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை 11 காற்றாலைகளுடன் அமைத்தது அந்த நிறுவனம்தான். ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக இறக்கை வார்க்கும் முறையும் அவருடையதே. போனஸை சீமென்ஸ் வாங்கிய பிறகு, 2014 இறுதிவரை தொழில்நுட்பத் தலைவராக இருந்தார்.

அப்போ பாடம் என்ன?

அவர் விலகியதால்தான் 2023இல் சிக்கல் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், போட்டிக்காக அடுத்தடுத்துப் புது மாடல் இறக்கும் வேகத்துக்கு, சோதனையும் ஈடுகொடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்று சொல்ல ஆள் வேண்டும். அவர் பேச்சு நிர்வாகத்தின் காதில் விழவும் வேண்டும்.

ஹூக்கரை ரோல்ஸ் ராய்ஸ் கூப்பிட்டது, நிலைமை கைமீறிய பிறகுதான். அப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே கேட்டால், விமானங்கள் தரையில் நிற்க வேண்டிய நிலையே வராமல் போகலாம்.