சவர்க்காரம் வாங்குபவரும் வரி செலுத்துபவரே



சில மாதங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து பொதுநோக்கு மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அக்கா தன் மனத்தில் கிடந்த ஒரு விடயத்தைச் சொன்னார்.

“உதவிக் காசு ஏன் நிண்டது எண்டு கேக்க ஒரு கந்தோருக்குப் போனனான் பிள்ளை. ‘ஆக்கள் கட்டுற வரியிலதானே உங்களுக்குத் தாறம், பிறகேன் கேள்வி?’ எண்டு அங்க இருந்தவர் கேட்டார். நான் ஒண்டும் கதைக்காமல் வந்திட்டன். அவர் சொன்னதும் சரிதானே? நாங்கள் வரி கட்டுறேல்லைத்தானே.”

யுத்தத்தில் கணவரை இழந்து, இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, யாரிடமும் கையேந்தாமல் வாழும் ஒரு பெண் அந்த ஒரு சொல்லுக்குத் தலைகுனிந்து திரும்பி வந்திருக்கிறார். அவருடைய கடைப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சவர்க்காரம், பற்பசை, மகளுக்கு ஒரு சோடிச் செருப்பு ஆகியன இருந்தன. “அக்கா, இந்தப் பைக்குள்ளேயே நீங்கள் கட்டின வரி இருக்குது” என்றேன். அன்றைய கலந்துரையாடல் இப்படித்தான் தொடங்கியது.

வரி இரண்டு வகைப்படும். ஒன்று, உழைப்பவரின் வருமானத்திலிருந்து நேரடியாக எடுக்கப்படும் வருமான வரி. இது எமது நாட்டில் 1932ஆம் ஆண்டில் அறிமுகமானது. மற்றையது, பொருளின் விலைக்குள் மறைந்திருக்கும் மறைமுக வரி. ‘வற்’ என்று நாம் சொல்லும் பெறுமதிசேர் வரி இந்த வகையைச் சேர்ந்தது. 2024 ஜனவரியில் இது 18 வீதமாக உயர்த்தப்பட்டது. சில பொருட்களுக்கு விலக்கு உண்டு. ஆனால், கிராமத்துச் சிறு கடைக்காரர் பில்லில் எழுதாவிட்டாலும், தொழிற்சாலையிலும் மொத்த வியாபாரியிடமும் சேர்ந்த வரி விலையோடு எம்மிடம் வந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். இவ்வரி முழுமையாகச் சேர்ந்த பொருட்களை ஒருவர் மாதம் 5,900 ரூபாய்க்கு வாங்கினால், அதில் 900 ரூபாய் வரியாகும். மாதம் 30,000 ரூபாய் உழைக்கும் பெண்ணுக்கு அது வருமானத்தில் 3 வீதம். அதே பொருட்களை வாங்கும், 6 இலட்சம் உழைக்கும் ஒருவருக்கு அது 0.15 வீதம் மட்டுமே. வசதியுள்ளவர் கூடுதலாக வாங்குவார் என்பது உண்மை. ஆனால் உழைப்பது முழுவதையும் செலவழித்தே வாழவேண்டியவர்களுக்குத்தான் இந்த வரியின் பாரம் அதிகம்.

வருமான வரி இதற்கு எதிர்மாறானது. வருமானம் கூடக்கூட வரி வீதமும் படிப்படியாகக் கூடுகிறது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த முறைப்படி வருடம் 18 இலட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பின்னர் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம், மிகுதிக்கு 36 வீதம். இதன்படி மாதம் 2 இலட்சம் சம்பளம் பெறுபவர் 3,000 ரூபாயும், 4 இலட்சம் பெறுபவர் 50,000 ரூபாயும் செலுத்த வேண்டும். 36 வீதம் என்றவுடன் முழுச் சம்பளத்திலும் மூன்றிலொன்று போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்தந்தப் படிக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே கூடிய வீதம் அறவிடப்படும்.

கூட்டத்தில் இருந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவர் இதை உடனே ஏற்கவில்லை. “படிச்சுச் சம்பளத்துக்கு வேலை செய்யிறவையிட்டத்தானே பிடிக்கினம் மிஸ். கணக்குக் காட்டாத பெரிய வியாபாரிமார் தப்பிவிடுகினம். இப்பிடியெண்டால் டொக்டர்மார் வெளிநாட்டுக்குப் போகத்தானே பாப்பினம்?” என்றார். நியாயமான கேள்வி. 2023இல் வருமான வரி கூட்டப்பட்டபோது வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இதற்காகவே போராடினார்கள். ஆனால் 2019இன் முடிவில் வரிகளை ஒரேயடியாகக் குறைத்ததால் அரசின் வருமானம் வீழ்ந்ததும், 2022 நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணமானதும் எமக்குத் தெரியும். அந்த நாட்களில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்களில் நாமும் இருந்தோம். எனவே, பெரிய வருமானக்காரரிடம் எடுக்காமல் விடுவதல்ல, தப்பிவிடுபவர்களையும் வரிக்குள் கொண்டுவருவதே விடை என்பது எனது கருத்து.

இந்த விவாதம் எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பல மாநிலங்களும் தனியாக வருமான வரி அறவிடுகின்றன. இலினொய் மாநிலத்தில் ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே வீதம்தான், 4.95 வீதம். அதைப் படிமுறையாக மாற்ற 2020 நவம்பரில் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். மக்கள் நிராகரித்தார்கள். ‘இன்று செல்வந்தருக்கு, நாளை உங்களுக்கும் கூட்டுவார்கள், அரசியல்வாதிகளை நம்பாதீர்கள்’ என்பதே எதிர்ப்பாளர்களின் முக்கிய பிரசாரமாக இருந்தது. மசாசூசெற்ஸ் மாநிலத்திலும் இத்தகைய முயற்சிகள் பலமுறை தோற்றிருந்தன. ஆனால் 2022 நவம்பரில், வருடம் 10 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு மேலதிகமாக 4 வீத வரி என்பது சிறிய பெரும்பான்மையால் நிறைவேறியது. அந்தப் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் உரியது என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அதில் ஒரு பகுதி பாடசாலைப் பிள்ளைகளின் இலவச உணவுக்கும் பயன்பட்டது.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். யார் எவ்வளவு செலுத்துவது என்பது பாதிக் கேள்வி. அந்தப் பணம் எங்கே போகிறது என்பது மற்றப் பாதி. இரண்டையும் கேட்கும் உரிமை வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு. சவர்க்காரம் வாங்கும் ஒவ்வொரு பெண்ணும் வரி செலுத்துபவரே. ஒன்றும் வாங்க வழியில்லாதவருக்கும் பிரஜை என்ற வகையில் அதே உரிமை உண்டு.

அந்த அக்காவுக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி விளக்கினேன். எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். தனது உதவிப் பணம் ஏன் நின்றது என்று கேட்டு, தையல் கொப்பியின் கடைசித் தாளில் அவர் அன்றே ஒரு கடிதம் எழுதினார். நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் சங்கம் கூடும்போது கடைப் பையைத் திறந்து வைத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் பிரதேச சபையிடம் என்ன கேட்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானியுங்கள். கேட்பதற்குத் தலைகுனிய வேண்டியதில்லை.